இளநீர் நிறம் வருகிற வரைக்கும்

கிட்னிக் கல் உடைக்கிற பழைய மெஷினை எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்துவிட்டார்களாம். அந்த அறைக்கு வெள்ளையடித்து, லேசர் மெஷினைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்களாம். சேதி சொன்ன சிஸ்டர், “எஸ்தரம்மா, நீங்க எல்லா மெஷினையும் பாத்துட்டீங்க. நம்ம ஆஸ்பத்திரி ஆண்டு மலர் புஸ்தகத்துக்கு ஏதாவது சொல்லுங்களேன்” என்று போனில் கேட்டாள். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதனால் நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதினாள். எழுதியதை நானே ஒருமுறை விரல் வைத்துக் கூட்டிப் படித்தேன். அவள் அழகுக்காகச் சேர்த்த இரண்டு வரியை எடுக்கச் சொன்னேன்.

தாம்பரம் பக்கத்தில், சிறுநீரக வியாதிக்கென்றே இருக்கிற ஒரு ஆஸ்பத்திரியில் நான் ஆயாவாக இருந்தேன். ஆயா என்று சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. மூத்திரப் பையைக் காலி செய்கிறவள் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அந்தப் பையில்தான் ஆளின் உயிர் தெரிகிறது என்று எனக்குத் தெரியும். இரும்புலியூரில் எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு நர்சம்மா என்னை அங்கே சேர்த்துவிட்டார். பெட்பேன் எடுக்க, பையை அளந்து சொல்ல, தியேட்டர் தரை துடைக்க, சலைன் பாட்டிலைச் சூடு பண்ண எல்லாம் கை தானாகக் கற்றுக்கொண்டது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது எங்கள் பெரிய டாக்டரம்மாவைப் பற்றித்தான்.

டாக்டரம்மா குள்ளம். ஆபரேஷன் டேபிள் அவர்களுக்கு உயரம். அதனால் ஒரு மர ஸ்டூல் உண்டு. அவர்கள் கை கழுவி வருவதற்குள் அந்த ஸ்டூலை டேபிளுக்குப் பக்கத்தில் ஆடாமல் வைப்பது என் வேலை. அதன் மேல் ஏறினால் ஆபரேஷன் ஆரம்பம். இறங்கினால் முடிந்தது. நடுவில் இறங்கி நான் பார்த்ததில்லை.

அவர்கள் கத்த மாட்டார்கள். கோபம் வந்தால் மரியாதை கூடும். சின்ன டாக்டர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள், திடீரென்று “சார்” என்றால், அங்கே எல்லோருக்கும் முதுகு நிமிரும். என்னிடம் ஒரு நாள் “எஸ்தர் மேடம், இந்த ட்யூப் ஏன் மடங்கி இருக்கு?” என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு என் வார்டில் எந்த ட்யூபும் மடங்கியதில்லை.

எங்கள் வார்டில் ஒரு வழக்கம் இருந்தது. டாக்டரம்மா கொண்டுவந்தது. கல் எடுத்த பிறகு பையில் ரத்தம் கலந்து வரும். ஒரு சிஸ்டர் “கொஞ்சம் ரத்தம்” என்பாள், இன்னொருத்தி அதையே “நெறைய ரத்தம்” என்பாள். சொந்தக்காரர்கள் பார்த்து மயங்கி விழுவார்கள். டாக்டரம்மா ஒரு நாள் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார்கள்: “இனிமே நாலே நாலு வார்த்தைதான். பீட்ரூட்னா எனக்கு உடனே சொல்லணும், நான் ஓடி வருவேன். ரோஸ் சர்பத்னா பக்கத்துலயே நின்னு பாருங்க. பால் விடாத டீன்னா பழைய ரத்தம், பயமில்ல. இளநீர்னா ஆளை வீட்டுக்கு அனுப்பலாம்.” அன்றிலிருந்து காலை ரவுண்ட்ஸில் கட்டில் கட்டிலாகக் கேட்பார்கள், நான் சொல்லிக்கொண்டே வருவேன். புதிதாக வருகிறவர்கள் ஏதோ ஹோட்டலில் ஆர்டர் எடுக்கிறோம் என்று நினைப்பார்கள்.

கல்லைப் பற்றி அவர்களிடம் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். “எந்த ட்ரீட்மென்ட்ல கிட்னிக்குக் கெடுதலே இல்ல டாக்டர்?” அவர்கள் சொல்வதும் ஒன்றுதான். “கெடுதலே இல்லாதது ஒண்ணுமில்ல. உங்களுக்குக் கம்மியா எதுன்னு பாக்கறேன்.” சிலர் முகம் வாடும். விளம்பரத்தில் அப்படிச் சொல்வதில்லையே.

கல் உடைக்கிற மெஷினை எல்லோரும் ‘ஷாக்’ என்பார்கள். வெளியிலிருந்து அதிர்வை அனுப்பி உள்ளே இருக்கிற கல்லைத் தூளாக்கும். கத்தி இல்லை, ஓட்டை இல்லை. பெருங்களத்தூரிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். மெஷின் மேல் படுக்கச் சொன்னால், ரப்பர் செருப்பைக் கழற்ற மாட்டேன் என்கிறார்.

“செருப்ப கழட்டுங்க டீச்சர்.”

“எதுக்கு? ஷாக் குடுக்கப் போறீங்க, செருப்பக் கழட்டச் சொல்றீங்க. எனக்கு சயின்ஸ் தெரியாதுன்னு நெனச்சீங்களா?”

டாக்டரம்மா சிரித்துவிட்டார்கள். “செருப்போடவே படுங்க மிஸ். இது கரண்ட் ஷாக் இல்ல, தட்டுறது. கதவைத் தட்டற மாதிரி.” பிறகு தனியாக எங்களிடம் சொன்னார்கள், கதவைத் தட்டினால் கதவுக்கும் கொஞ்சம் வலிக்கும் என்று. அதனால்தான் ஒரு தடவை கொடுத்தால் அடுத்ததற்கு வாரக்கணக்கில் இடைவெளி விடுவார்கள். “ஒரேயடியா முடிச்சு விடுங்க, லீவு இல்ல” என்று கெஞ்சுகிறவர்களிடம், “உங்க கிட்னிக்கும் லீவு குடுக்கணும்” என்பார்கள்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், ஏழுமலை கதையைச் சொல்ல வேண்டும்.

ஏழுமலை மேடவாக்கத்தில் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். ஊருக்கெல்லாம் தண்ணீர் ஊற்றுகிறவன், தான் குடிப்பதில்லை. குடித்தால் ஒதுங்க வேண்டும், ஒதுங்கினால் லாரியை நடுரோட்டில் விட்டுப் போக வேண்டும், அப்பார்ட்மென்ட் வாசலில் செக்யூரிட்டி உள்ளே விட மாட்டான். காலையில் ஒரு டீ, மத்தியானம் சோற்றோடு ஒரு டம்ளர். அவ்வளவுதான். அவனை அவன் பெண்சாதி தேவியும் அவள் தம்பியும் ஒரு ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். முந்தின நாளிலிருந்து மூத்திரமே வரவில்லை. கால் வீங்கி, வாந்தி எடுத்து, கண் சொருகிக் கிடந்தான்.

ஸ்கேன் பார்த்தார்கள். வலது கிட்னி நிறையக் கல். அதில் ஒன்று வாயிலில் வந்து அடைத்துக்கொண்டது. சரி, இடது கிட்னி என்ன செய்கிறது? அது சுருங்கிப் போய், வேலை செய்யாமல் கிடந்தது.

டாக்டரம்மா கேட்டார்கள். “இடது பக்கம் எப்பவாவது வலிச்சுதா?”

தேவிதான் பதில் சொன்னாள். “வலிச்சுதே டாக்டர்மா. எப்பயோ, ரெண்டாவது பையன் வயித்துல இருக்கசொல்லோ. துடியா துடிச்சுது. வாழத்தண்டு சாறு குட்த்தோம், கேட்டுது. கல்லு கரைஞ்சு பூட்ச்சு.”

“கல்லு கரையலம்மா. இதோ வழியில அப்படியே நிக்குது.”

“அப்ப வலி எப்டி பூட்ச்சு?”

“அந்தக் கிட்னி கத்திக் கத்திப் பாத்துது. யாரும் வரல. அதுவே அடங்கிடுச்சு. வலிக்கறதுக்கு இப்ப அங்க ஆள் இல்ல.”

அந்த வார்த்தை என் காதில் இன்னும் இருக்கிறது. வலி போனால் வியாதி போனது என்று நினைக்காத வீடு எங்கள் பக்கத்தில் ஏது? நானும் அப்படி நினைத்தவள்தான். எந்தக் கத்தியும் எந்த மெஷினும் அந்த இடது கிட்னியைக் கெடுக்கவில்லை. சும்மா விட்டதுதான் கெடுத்தது. இப்போது மிச்சம் இருப்பது ஒரே ஒரு கிட்னி, அதுவும் அடைத்துக் கிடக்கிறது. அது போனால் வாழ்நாள் முழுக்க மெஷினில் ரத்தம் சுத்தம் பண்ண வேண்டும். லாரி ஓட்டுகிறவன் வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரியில் படுத்தால், வீட்டில் மூன்று பிள்ளைகள் என்ன செய்யும்?

எல்லோரும் உடனே கல்லை எடுக்கப் போகிறார்கள் என்று நினைத்தோம். டாக்டரம்மா கல்லைத் தொடவே இல்லை. அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுப் பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே நீளமான ஊசியை உள்ளே விட்டார்கள். கிட்னியைத் தொட்டதும் அடைபட்ட மூத்திரம் பீறிட்டுக்கொண்டு வந்தது. அந்த வழியில் சின்ன ட்யூபைப் போட்டு, பையை மாட்டினார்கள். நான் கீழே குந்தி உட்கார்ந்து பார்த்தேன். கலங்கலாகச் சொட்டியது. சொட்டு நிற்கவில்லை. “நிக்காம வருது டாக்டர்” என்றேன். அவர்கள் கண்ணை மூடித் திறந்தார்கள். ஜெபம் பண்ணினார்களோ என்னவோ, அவர்கள் எந்த மதம் என்று நான் கேட்டதில்லை.

அதோடு விட்டுவிட்டார்கள். தினம் ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்ப்பது, பையை அளப்பது, அவ்வளவுதான். கால் வீக்கம் வடிந்தது. ஏழுமலை எழுந்து உட்கார்ந்து இட்லி தின்றான். ரத்தத்தில் ஏறிப்போயிருந்த உப்புக் கணக்கு, கிரியேட்டினின் என்பார்களே, அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. தேவிக்குப் பொறுமை போனது.

“இன்னா டாக்டர்மா இது? கல்ல எடுங்கன்னா டியூப போட்டுகினு வேடிக்க பாக்குறீங்க. வேற ஆஸ்பத்திரில ஒரே நாள்ல எட்துட்றாங்களாம், என் தம்பி சொல்றான்.”

“எடுத்துடலாம்மா. ஓடி வந்து மூச்சு வாங்கறவன மறுபடியும் ஓடுன்னா ஓடுவானா?”

“இவரு எங்க ஓடுனாரு? ஆட்டோல தூக்கினு வந்தோம்.”

“அவர் இல்ல. அவர் கிட்னி.”

தம்பிக்காரன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். தேவி அவன் தொடையில் ஒன்று வைத்தாள்.

எப்படி எடுப்பது என்று டாக்டர்களுக்குள் பேச்சு நடந்தது. நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சின்ன டாக்டர், நல்ல உயரம், நல்ல கெட்டிக்காரப் பிள்ளை, ஒவ்வொன்றாகக் கேட்டார். ஷாக் கொடுத்தால்? “இவ்வளவு பெரிய கல்லு தூளானா, அந்தத் தூளே இருக்கற ஒரு வழியையும் அடைச்சுக்கும்” என்றார்கள். கீழ் வழியாக மெல்லிய குழாயை விட்டால்? “மணிக்கணக்கா தண்ணி அடிச்சுக்கிட்டே இருக்கணும். உள்ள அழுத்தம் ஏறும். ஏற்கெனவே அடி வாங்கின கிட்னி.” வயிற்றைப் பக்கவாட்டில் அறுத்தால்? “கல்லு கெடக்கற இடத்துக்கு கிட்னியையே பிளக்கணும். பிளந்து தைச்சா, தைச்ச இடம் மறுபடி வேலை செய்யுமா?” கடைசியில் முதுகில் ட்யூப் போட்ட அந்த வழியையே அகலமாக்கிக் கல்லை உடைத்து எடுப்பது என்று முடிவானது. “ஆனா ஒரு ஓட்டைதான்” என்றார்கள். “இருக்கறது ஒரு கிட்னி. அதுல ஒரு ஓட்டைதான்.”

ஆபரேஷன் நாள் காலையில் சலைன் பாட்டில்களை வெதுவெதுப்பாக வைத்திருந்தேன். கல்லை உடைக்கும்போது கிட்னியைக் கழுவ உள்ளே ஓடுகிற அந்தத் தண்ணீர் ஜில்லென்று போனால் ஆள் உள்ளுக்குள்ளேயே விறைத்துப் போவான். ஏழுமலையைக் குப்புறப் படுக்கவைத்தார்கள். எல்லோரும் ஈய அங்கி மாட்டிக்கொண்டார்கள், எக்ஸ்ரே வெளிச்சம் உடம்பில் படாமல் இருக்க. டாக்டரம்மாவுக்கு அந்த அங்கி முழங்காலுக்குக் கீழே தொங்கும். ஸ்டூலில் ஏறினார்கள்.

ட்யூப் இருந்த வழியில் கம்பி, கம்பியின் மேல் ஒரு மெல்லிய குழல், அதன் மேல் கொஞ்சம் பெரிய குழல். இடியாப்ப மாவு பிழிகிற மாதிரி அழுத்தம் இல்லை, சின்னக் குழந்தைக்கு வளையல் போடுகிற மாதிரி மெதுவாக. பிறகு கேமரா உள்ளே போனது. டிவியில் மஞ்சளாகப் பாறை மாதிரி கல் தெரிந்தது. டக் டக் டக் என்று கம்பி இடித்தது. உடைந்த துண்டுகளை இடுக்கியால் எடுத்து எடுத்துக் கிண்ணத்தில் போட்டார்கள். பனங்கல்கண்டு மாதிரி சேர்ந்துகொண்டே வந்தது. தண்ணீர் தரையெல்லாம் ஓடியது, நான் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

அப்போது டிவி சிவப்பாக ஆனது. டாக்டரம்மா கையை எடுக்கவில்லை. தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டார்கள். வெளுத்தது. மறுபடி சிவந்தது. எக்ஸ்ரேயில் பார்த்தால் கீழ் மூலையில் ஒரு துண்டு வெள்ளையாக நின்றது. இந்த வழியாக அந்த மூலைக்குக் கேமரா திரும்பாது.

உயரமான சின்ன டாக்டர் சொன்னார். “மேடம், இன்னொரு பங்க்சர் போட்டா அதுவும் வந்துடும்.”

“வந்துடும் சார்” என்றார்கள்.

அந்த ‘சார்’ கேட்டதும் மயக்க டாக்டர்கூட நிமிர்ந்தார். டாக்டரம்மா எக்ஸ்ரே திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கல் எடுப்பதில் அவர்களுக்குப் பெயர். அடி மூலை வரை பெருக்கி எடுக்கிறவர்கள் என்று வெளியூர் டாக்டர்கள் எல்லாம் வந்து பார்ப்பார்கள். அந்தத் துண்டு எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எக்ஸ்ரேயில் நிற்கிறது. அவர்கள் ட்யூபைப் போட்டுத் தைத்துவிட்டு, ஸ்டூலிலிருந்து இறங்கினார்கள்.

தியேட்டர் வாசலில் கல்லைப் பாட்டிலில் போட்டுச் சொந்தக்காரர்களுக்குக் காட்டுவது வழக்கம். அது என் வேலை. அன்றைக்கு டாக்டரம்மா பாட்டிலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அவர்களே போனார்கள். தேவி வாங்கிக் குலுக்கிப் பார்த்தாள்.

“எல்லாம் வந்துட்ச்சா டாக்டர்மா?”

“இல்லம்மா. ஒரு துண்டு உள்ள விட்டுட்டேன்.”

“இன்னாது?”

“அது ஒரு மூலையில இருக்கு. வழிய அடைக்கல. அத எடுக்கணும்னா இன்னொரு ஓட்டை போடணும். ரத்தம் ஏற்கெனவே வருது. கல்லு முழுசா வந்து கிட்னி போனா உங்களுக்கு என்ன லாபம்?”

தேவிக்கு அது ஏறவில்லை. “கல்லு எடுக்கத்தானே வந்தோம்! கல்ல உள்ள வெச்சு தைச்சுட்டு வந்து நிக்கிறீங்களே, இன்னா நாயம் இது?” என்று அந்த வராந்தாவே அதிரக் கத்தினாள். டாக்டரம்மா நின்று முழுதாகக் கேட்டுக்கொண்டார்கள். இன்னொருத்தராக இருந்தால் பாட்டிலை மட்டும் காட்டிவிட்டுப் போயிருப்பார்கள். உள்ளே நிற்கிற துண்டு யாருக்குத் தெரியப் போகிறது?

ஏழுமலையை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். முதுகுப் பை பீட்ரூட். நான் சொன்ன அடுத்த நொடி வந்தார்கள். முதுகு ட்யூபைக் கிளிப் போட்டு அடைத்தார்கள். உள்ளேயே ரத்தம் தேங்கி, அதுவே அழுத்திக் கசிவை நிறுத்தும் என்று சிஸ்டருக்குச் சொன்னார்கள். இனி மூத்திர வழி ட்யூபில் மாட்டிய கீழ்ப் பைதான் சொல்ல வேண்டும், கிட்னி இருக்கிறதா இல்லையா என்று. கீழ்ப் பை காலியாகத் தொங்கியது.

“எஸ்தரம்மா, என் ஸ்டூல எடுத்துட்டு வாங்க.”

தியேட்டர் ஸ்டூல் வார்டுக்கு வந்தது அன்றைக்கு மட்டும்தான். ஏழுமலை கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்கள். மத்தியானச் சோறு உண்ணவில்லை. அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிரில் தேவி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“டாக்டர்மா, நீ சாப்ட்டியா?” என்று கேட்டாள். மரியாதை தவறியது அவளுக்கே தெரியவில்லை.

“இவர் மொதல்ல ஒண்ணுக்குப் போகட்டும், அப்புறம் சாப்பிடறேன்.”

நான் குனிந்து பார்த்தேன். ட்யூபில் ஏதோ நகர்ந்தது. ஒரு சொட்டு. பிறகு ஒன்று. வெயில் ஜன்னலை விட்டுப் போகிற நேரத்தில் பையின் அடியில் கொஞ்சம் சேர்ந்தது.

“என்ன எஸ்தரம்மா?”

“ரோஸ் சர்பத் டாக்டர்.”

தேவி என்னை முறைத்தாள். “இன்னா ஆயாம்மா, ஆளு கெடக்குற கெடைக்கு சர்பத்து கேக்குறியே?”

டாக்டரம்மா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்கள். நான் தேவிக்கு அந்த நாலு வார்த்தையையும் விளக்கினேன். மறுநாள் காலை நான் வருவதற்குள் அவளே பையைப் பார்த்துவிட்டாள். “டீ! பால் வுடாத டீ!” என்று வார்டு வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் பக்கத்துக் கட்டில்களுக்கும் அவளே நிறம் பார்க்க ஆரம்பித்தாள். ஒருத்தரையும் விடவில்லை. ஏழுமலை கூச்சப்பட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொள்வான்.

சில நாள் கழித்து ஒரு ரவுண்ட்ஸில் டாக்டரம்மா என்னைக் கேட்டார்கள். நான் பையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.

“இளநீர் டாக்டர்.”

அவனுக்கு ரத்தம் சுத்தம் பண்ணுகிற மெஷின் தேவைப்படவே இல்லை. உப்புக் கணக்கு முழுசாக இறங்கவில்லை, நல்ல ஆளுக்கு இருப்பதைவிடக் கொஞ்சம் கூடத்தான் நின்றது. “இதோட வாழலாம்” என்றார்கள் டாக்டரம்மா. எடுத்த கல்லைப் பரிசோதனைக்கு அனுப்பியதில், கிருமி சேர்க்கிற வகை இல்லை என்று வந்தது. அதனால் மூலையில் நிற்கிற துண்டை அப்படியே விட்டு, வருஷா வருஷம் ஸ்கேன் பார்க்கச் சொன்னார்கள். தண்ணீர் குடிக்க வைப்பதுதான் பெரும்பாடு. “ரோட்ல எங்க போவேன் டாக்டர்?” என்றான். “ஊருக்கே தண்ணி ஊத்தறீங்க, எந்த அப்பார்ட்மென்ட்டுக்கு ஊத்தறீங்களோ அங்கயே கேளுங்க. பாத்ரூம் குடுக்கலன்னா தண்ணி குடுக்காதீங்க” என்றார்கள். அவன் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்படியே போய்ச் சொல்லி, இரண்டு மூன்று இடத்தில் செக்யூரிட்டி ரூம் பாத்ரூமை வாங்கிவிட்டான்.

டாக்டரம்மா இப்போது தினமும் வருவதில்லை. அந்த உயரமான சின்ன டாக்டர்தான் பெரிய டாக்டர். லேசர் வந்ததும் ஏழுமலையின் துண்டை எடுத்துவிடலாமா என்று அவர் டாக்டரம்மாவிடம் கேட்டாராம். “வளர்ந்துச்சா? இல்ல. அடைக்குதா? இல்ல. அப்ப மெஷின் புதுசா இருக்குன்னு எடுக்கணுமா?” என்றார்களாம். அவர் விட்டுவிட்டார். இப்போது அவரும் ஏதாவது துண்டை விட்டால் தியேட்டர் வாசலுக்குத் தானே போய்ச் சொல்கிறார், திட்டும் வாங்குகிறார் என்று சிஸ்டர் சொன்னாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

போன வாரம் மேடவாக்கம் கூட்டு ரோட்டில் பஸ்ஸில் மாட்டிக்கொண்டேன். ஒரு பக்கமும் நகரவில்லை. ஜன்னலை ஒட்டி ஒரு தண்ணீர் லாரி வந்து நின்றது. மேலிருந்து யாரோ “ஆயாம்மா! ஆயாம்மா!” என்று கூப்பிட்டார்கள். அண்ணாந்து பார்த்தால் ஏழுமலை. மீசை நரைத்துவிட்டது. பேச முடியாத இரைச்சல். அவன் சீட்டுக்குப் பக்கத்திலிருந்து பெரிய பாட்டிலைத் தூக்கி, எனக்குக் காட்டுவதற்காகவே மடக் மடக்கென்று குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு, அத்தனை ஹாரனுக்கும் மேலே கத்தினான்.

“இளநி, ஆயாம்மா! இன்னிக்கும் இளநிதான்!”

பஸ்ஸில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கிக் காட்டினேன். லாரி மெதுவாக நகர்ந்தது. பின்னாலிருந்த குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது. பழக்க தோஷம், நான் தலையை வெளியே நீட்டி, சொட்டு நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நிற்கவில்லை.